ஏழாம் படி

தோஹா
10.01.2025

அன்புள்ள றபீக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்ஹம்துலில்லாஹ், நான் சுகம். லீவு முடிந்து வந்ததிலிருந்து தடிமன் மட்டும் விடவில்லை. நீயும் நிஸ்றாவும் உன் உம்மாவும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன்.

கையால் எழுதியிருக்கிறேன் என்று சிரிக்காதே. நிஸ்றா வாசிக்கப் பழகிய நாளிலிருந்து வாட்ஸப் நமக்குச் சரிவராது. நான் உனக்கு அனுப்பிய ஒன்றை அவள் உன் உம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியதை நினைத்தால் எனக்கு இன்னும் காது சுடுகிறது. வெள்ளிக்கிழமை போனிலும் எல்லாரும் சுற்றி நிற்கிறீர்கள். இங்கிருந்து காத்தான்குடிக்கு வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள், அவர்கள் கையில் கொடுத்து விடுகிறேன். நீயும் அப்படியே செய்.

புறப்படும்போது வாசலில் வைத்தும் ஸ்கூட்டி கேட்டாய். தேவையில்லை என்று மறுபடியும் சொல்கிறேன். ஒன்பது வருடமாக இந்தக் கராஜில் பைக் திருத்துகிறவன் சொன்னால் கேட்க வேண்டும். ரேஸ் பைக் நேர் றோட்டில் பறக்கும், சந்தைக்குக் கொண்டுபோனால் முதுகை முறிக்கும். மண்ணில் ஓடுகிற உயரப் பைக் கடற்கரையில் ராசா, கொழும்புக்கு விட்டால் பொலன்னறுவை தாண்டுமுன் இருக்கிற இடம் மரத்துப் போகும். ஸ்கூட்டி கடைக்கு மட்டும். இங்கே ஓர் அறபி நாலு வேலைக்கு நாலு பைக் வைத்திருக்கிறார். நாலும் மாறி மாறி என் கராஜில்தான் கிடக்கின்றன. நான் லீவில் வாங்கி விட்டு வந்திருப்பது ஸ்போர்ட் டூரிங். வேகமும் உண்டு, தூரமும் ஓடும், இரண்டு பேர் இருக்கலாம், பெட்டியும் பூட்டலாம். வயலுக்கும் அதுதான், கலியாண வீட்டுக்கும் அதுதான். ஒன்று இருந்தால் போதும்.

வீடு உன் சீதன வீடு, பைக் என்னுடையது. வீட்டுக்காரி பைக்கைப் பார்த்துக்கொள். என் தம்பி ஹில்மியை ஏறாவூரிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் வந்து கல்லடிப் பாலம் வரை ஓட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ கிட்டப் போகாதே. இருநூறு கிலோ, சரிந்தால் உன்னால் தூக்க முடியாது. மீற்றர் 21,340இல் நிற்கிறது, எழுதி வைத்திருக்கிறேன்.

உன் மர்சூக்


காத்தான்குடி
16.02.2025

நிஸ்றாவின் வாப்பாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

நாங்கள் எல்லாரும் சுகம். உங்கள் தடிமனுக்கு இஞ்சி அவித்துக் குடியுங்கள், ஐஸ் தண்ணீர் குடித்துவிட்டுத் தடிமன் என்று எழுதாதீர்கள். மழை விட்டுவிட்டது. ஒழுங்கையில் நின்ற தண்ணீரும் வற்றிவிட்டது. உம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் வாய்க்கு ஒன்றுமில்லை.

பைக் நன்றாக இருக்கிறது. ஒரு விசயம் உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னார்கள். இந்த வகைப் பைக்கை நாளுக்கு எழுபது கிலோமீற்றர் ஓட்டினால் எத்தனை நாளைக்கு ஒரு தரம் சங்கிலிக்கு எண்ணெய் போட வேண்டும்? வாவிக்கரை உப்புக்காற்று பட்டால் என்ன செய்வது? களிமண்ணில் முன் பிறேக்கைப் பிடிக்கலாமா, பின் பிறேக்கையா? அறிந்து வைத்தால் நல்லதுதானே.

நிஸ்றாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதை உங்களுக்கு அனுப்ப வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

றபீக்கா


தோஹா
03.03.2025

அன்புள்ள றபீக்காவுக்கு, ஸலாம். ரமழான் நல்லபடியாகக் கழியட்டும்.

தடிமன் போய்விட்டது, இருமல் வந்திருக்கிறது.

நீ கேட்டவற்றுக்குப் பதில். சங்கிலிக்கு வாரம் ஒரு தரம், உப்புக்காற்று என்றால் இரண்டு தரம். வாவிக்கரையால் வந்தால் நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். களியில் முன் பிறேக்கைத் தொட்டால் படுத்துவிடும். பின் பிறேக்கை மெதுவாகப் பிடித்து, கியரைக் குறைத்து இறக்க வேண்டும். இப்படி எல்லா நிலத்துக்கும் வளைந்து கொடுக்கிறதுதான் இதன் குணம். நான் சொன்னது விளங்குகிறதா?

எழுதி முடித்துவிட்டு இரண்டாம் தரம் உன் கடிதத்தை வாசித்தேன். கேட்கச் சொன்னது யார்? காத்தான்குடியில் களிமண் எங்கே இருக்கிறது? நாளுக்கு எழுபது கிலோமீற்றர் என்ன கணக்கு? ஹில்மியிடம் போனில் கேட்டேன். "நீங்க மெனக்கெட வேணாம், நான் பாத்துக்கிறன் எண்டு மச்சி சொல்லிட்டாங்க நானா. பைக்கக் கண்டு ஒண்டர மாசமாச்சி" என்கிறான். போன வெள்ளி நிஸ்றாவும், "உம்மா ஸ்கூலுக்குப் போய்க் களைச்சிட்டா வாப்பா" என்றாள். பெற்றார் கூட்டம் இத்தனையா வைப்பார்கள்? அந்த அதிபரிடம் நான் பேசவா?

நாலு படம் எடுத்து அனுப்பு. மீற்றர், பிறேக் பிடி, சீற், பின் சக்கரம். படத்தை வாட்ஸப்பில் அனுப்பலாம், அதை நிஸ்றா வாசிக்க மாட்டாள்.

மர்சூக்


காத்தான்குடி
01.04.2025

நிஸ்றாவின் வாப்பாவுக்கு, ஸலாம். ஈத் முபாரக்.

நேற்றுப் பெருநாள் நல்லபடி முடிந்தது. உம்மா வட்டிலப்பம் அவித்தா, இனிப்புக் கூடிப் போய்விட்டது. நிஸ்றா கேட்ட உடுப்பு நீல நிறம், கிடைத்தது பச்சை, அதனால் அரை நாள் பேசவில்லை. உங்கள் இருமல் எப்படி?

நாலு படமும் கிடைத்திருக்கும். மீற்றர் படத்தில் வெயில் பட்டு எண் தெரியாமல் போய்விட்டது. மறுபடி எடுக்க நேரம் வரவில்லை.

ஒருவரைப் பற்றி நல்லதாக நினைப்பதற்கு இந்த மாதத்தில் கூலி அதிகம் என்று பள்ளிவாசல் பயானில் சொன்னார்கள். ரமழான் முடிந்துவிட்டது, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

றபீக்கா


தோஹா
12.04.2025

றபீக்காவுக்கு, ஸலாம்.

என் சுகத்தை விடு. நாலு படத்தையும் கராஜ் கொம்பியூட்டரில் பெருசாக்கிப் பார்த்தேன். நான் பைக்கை வைத்து ஆளைச் சொல்கிறவன் என்பதை மறந்துவிட்டாய்.

பிறேக் பிடி கைக்கு எவ்வளவு எட்டத்தில் இருக்க வேண்டும் என்று வைக்க ஒரு சின்னச் சக்கரம் உண்டு. ஆக எட்டம் ஒன்று, ஆகக் கிட்டம் ஐந்து. நான் ஒன்றில் விட்டு வந்தேன். இப்போது ஐந்தில் நிற்கிறது. ஓட்டுகிறவனுக்குச் சின்னக் கை. பின் ஸ்பிரிங்குக்கு ஏழு படி. ஏறுகிற பாரத்துக்குத் தக்கதாக முறுக்குவது. எனக்கு நாலு, இரண்டு பேர் ஏறினால் ஏழு. அதை ஒன்றுக்கு இறக்கியிருக்கிறது. ஐம்பது கிலோ ஆள், கூடினால் ஐம்பத்திரண்டு. சீற்றின் பஞ்சை வெட்டித் தாழ்த்தியிருக்கிறது, ஆகவே கட்டையன். ஹில்மி ஆறடி, அவன் இல்லை. பின்னால் இருப்பவர் கால் வைக்கிற றப்பரில் தூசி அப்படியே கிடக்கிறது, தனியாகத்தான் ஓடுகிறான். றிம்மில் ஒட்டியிருப்பது நம் ஊர்ப் பூமணல் இல்லை, கருங்களி. அது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை வயல் வட்டைகளில் கிடக்கிற மண்.

மீற்றருக்கு வெயில் பட்டால் என்ன? எஞ்சினுக்குப் பக்கத்தில் எண்ணெய் மாற்றிய துண்டு ஒட்டியிருக்கிறது. ‘உதயரூபன் கராஜ், வெல்லாவெளி. மாற்றியது 24,000.’ அதிலிருந்து 21,340ஐக் கழித்தேன். 2,660. நீ கேட்ட எழுபதால் பிரித்தேன். முப்பத்தெட்டு நாள், மீதி இல்லை.

யார் அந்தக் கட்டையன்? என் பைக்கை ஏன் அவனிடம் கொடுத்தாய்? திறப்பை வாங்க வீட்டுக்கு வருகிறானா?

உடனே பதில் எழுது.

மர்சூக்


தோஹா
02.05.2025

உதயரூபன் தம்பிக்கு,

நலமா? தங்களை நான் கண்டதில்லை. நானும் கராஜ்காரன், அந்த உரிமையில் எழுதுகிறேன். போன் நம்பர் துண்டில் கிழிந்திருந்தது, அதனால் தபால்.

உங்களிடம் எண்ணெய் மாற்றுகிற நானூறு சிசி நீல ஸ்போர்ட் டூரிங் என்னுடையது. நான் தோஹாவில் இருக்கிறேன். அதைக் கொண்டு வருகிற ஆளின் பெயர், ஊர், தொழில் மூன்றையும் எழுதி அனுப்பினால் பெரிய உதவி. என் பெண்சாதிக்குக் கடிதம் எழுதி மூன்று கிழமையாகிறது. ஊரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் கையிலும் பதில் இல்லை. உங்களுக்கும் குடும்பம் இருக்கும், விளங்கும் என்று நினைக்கிறேன்.

மர்சூக், காத்தான்குடி


வெல்லாவெளி
20.05.2025

மர்சூக் நானாவுக்கு, வணக்கம்.

நான் நல்ல சுகம். உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது.

பைக் நல்ல நிலையில் இருக்கிறது. சங்கிலி சுத்தம், பிறேக் கட்டை பாதி தேய்வு. சீற்றைத் தாழ்த்தியதும் ஸ்பிரிங்கை இறக்கியதும் நான்தான். இந்தப் பக்கத்து வரம்புக்கும் கிறவல் றோட்டுக்கும் இது பாரம் கூடின சாமான். "வித்துப்போட்டு மெல்லிசான ட்ரெயில் பைக் ஒண்டு எடுங்கோ" என்று நான் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். "இது ஒண்டே எல்லாத்துக்கும் காணும் எண்டு பைக்குச் சொந்தக்காரர் சொல்லியிரிக்கார்" என்பதுதான் பதில். உங்கள் சொல்லுக்கு அங்கே நல்ல மதிப்பு இருக்கிறது.

ஆளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கராஜுக்கு வருகிறவர்களைப் பற்றி நாலு இடத்தில் கதைத்தால் பிறகு யாரும் வரமாட்டார்கள், அது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் பார்த்ததை மட்டும் எழுதலாம். மாசி மாதம் களியில் இரண்டு தரம் விழுந்ததைக் கண்டேன். தூக்க ஓடினேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, இடுப்பை பைக்கில் கொடுத்து, முதுகால் தள்ளி, தானே நிமிர்த்திய ஆள். அதற்குப் பிறகு விழவில்லை.

மற்றதை வீட்டில் கேளுங்கள் நானா. கேட்டால் சொல்லுவார்கள்.

உதயரூபன்


தோஹா
06.06.2025

றபீக்காவுக்கு, ஸலாம்.

இன்று இங்கே ஹஜ்ஜுப் பெருநாள். தொழுதுவிட்டு வந்து நண்பர்களோடு எடுத்த படத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். அதில் சிரிக்கிறேனே தவிர உள்ளுக்குள் ஒன்றுமில்லை.

ஏப்ரலில் எழுதியதற்கு நீ இன்னும் பதில் தரவில்லை. வெள்ளிக்கிழமை போனில் உப்பு, புளி, உம்மாவின் முழங்கால் என்று பேசி வைத்துவிடுகிறாய். அந்த வெல்லாவெளிக் கராஜ்காரனுக்கு எழுதினேன். அவன் கட்டையனை அவ்வளவு புகழ்கிறான், அவனுக்குப் பெண் கொடுக்கப் போகிறான் போல.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எனக்கு நித்திரை இல்லை. எனக்குத் தெரிந்த கட்டை ஆம்பிளைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். பதினொரு பேர். கலியாணம் முடித்தவர்கள், வயது போனவர்கள் என்று ஒவ்வொருவராக வெட்டினேன். மூன்று பேர் மிஞ்சினார்கள். அந்த மூன்று பேரையும் இப்போது எனக்கு ஆகாது, அவர்கள் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. நம் ஊரில் மாப்பிள்ளை என்பவன் பெண் வீட்டில் வந்து இருக்கிறவன். அவன் இல்லாத நேரத்தில் அந்த வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று கேட்க அவனுக்கு என்ன உரிமை என்று நீ நினைக்கலாம். உரிமை இல்லாவிட்டாலும் கேட்கிறேன். யார் அவன்?

வருகிற 19ஆம் திகதி ஹில்மி லொறியோடு வருவான். பைக்கை அவனிடம் கொடுத்துவிடு, விற்கச் சொல்லியிருக்கிறேன்.

மர்சூக்


காத்தான்குடி
22.06.2025

நிஸ்றாவின் வாப்பாவுக்கு, ஸலாம்.

நாங்கள் சுகம். இது நீளமான கடிதம், தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அந்தக் கட்டையன் நான்தான்.

நீங்கள் போய் எட்டாம் நாள் எனக்கு ஆசிரியர் நியமனம் வந்தது. கணிதம். வெல்லாவெளிக்கு அங்கால், வட்டைக்கு நடுவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். முந்தி ஒரு தரம் வேலை வந்தபோது, "நான் இரிக்கக்குள்ள நீ என்னத்துக்கு பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்கணும்" என்று சொன்னீர்கள். நான் விட்டுவிட்டேன். வந்தாறுமூலைக் கம்பஸில் நாலு வருடம் படித்ததை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இந்த முறையும் கேட்டால் வேண்டாம் என்பீர்கள். வேண்டாம் என்ற பிறகு போனால் உங்கள் சொல்லை மீறியது. கேளாமல் போனால் சொல்லாமல் போனது மட்டும்தான். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். ஏப்ரலில் உங்கள் கடிதம் வந்த பிறகு நாலு தரம் எழுதிக் கிழித்தேன், பயம்.

வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் களுவாஞ்சிகுடியில் மாறி, இன்னொன்றிலும் ஏறிப் போய்ச் சேரும்போது முதலாம் பாடம் முடிந்திருக்கும். ஸ்கூட்டி கேட்டேன், தேவையில்லை என்றீர்கள். ஒன்று இருந்தால் போதும் என்றீர்கள். அந்த ஒன்றை எடுத்தேன். லைசன்ஸ் கம்பஸில் படிக்கும்போதே எடுத்தது, உங்களுக்குத் தெரியும், மறந்துவிட்டீர்கள். சுபஹுத் தொழுதுவிட்டு, அபாயாவுக்குள் காற்சட்டையும் மேலே மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு போவேன். ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். "மர்சூக் நல்ல மனிசன்கா, பொஞ்சாதிக்கு எவ்வளவு பெரிய பைக் வாங்கிக் குடுத்திரிக்கார்" என்று பக்கத்து வீட்டு ஹஸீனா சொல்லாத நாளில்லை. அதைக் கேட்கும்போது எனக்கு உங்கள் மேல் பாசமும் வரும், கோபமும் வரும்.

உங்கள் பைக்கைப் பற்றி நீங்கள் எழுதியதில் பாதி சரி. களுவாஞ்சிகுடி வரைக்கும் அதற்கு ஈடு இல்லை. பட்டிருப்புப் பாலத்தில் வாவிக்காற்று பக்கத்தால் அடிக்கும்போது ஸ்கூட்டிக்காரர்கள் ஆடுவார்கள், நான் அசையமாட்டேன். அறுபது கொப்பி பெட்டிக்குள் நனையாமல் வரும். ஆனால் ஒழுங்கைக்குள் திருப்ப ஒரு பாட்டம் வியர்க்கும். சிக்னலில் நின்றால் எஞ்சின் சூடு காலைச் சுடும். களியில் அது எருமை, உதயரூபன் சொன்ன மெல்லிசான பைக் அங்கே பறந்து போகும். ஒவ்வோர் இடத்துக்கும் அதைவிட நல்ல ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த எல்லா இடமும் எனக்கு ஒரே காலையில் வருகிறது. நாலு பைக்கை மாறி மாறி ஏற நான் அறபி இல்லையே. அதனால் கடைசியில் நீங்கள் சொன்னதுதான் சரி. ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு வலிக்கிறது. பிடியைப் பார்த்தீர்கள், ஸ்பிரிங்கைப் பார்த்தீர்கள், றிம்மில் ஒட்டிய மண்ணுக்கு ஊர் சொன்னீர்கள். ஐம்பது, கூடினால் ஐம்பத்திரண்டு என்று நிறுத்தும் காட்டினீர்கள். நான் ஐம்பத்தொன்று. பத்து வருடமாக உங்கள் பெண்சாதி. அந்தத் தாளில் பன்னிரண்டாவதாக என் பெயரை எழுத உங்களுக்குத் தோன்றவில்லை. கள்ளனைத் தேட ஊர் முழுக்கப் போனீர்கள், வீட்டுக்குள் பார்க்கவில்லை.

ஹில்மி 19ஆம் திகதி லொறியோடு வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், தலையைக் குனிந்துகொண்டு, "நானா சொன்னா நான் என்ன செய்ற மச்சி" என்றார். மூன்று பேர் சேர்ந்து பலகையில் ஏற்றப் பார்த்தார்கள், மூன்று தரமும் சரிந்தது. கீறல் விழப் போகிறதே என்று நான் வாங்கி, முதல் கியரில் போட்டு, கிளச்சை அரைவாசி விட்டு, பக்கத்தில் நடந்து ஏற்றிக் கொடுத்தேன். என் கையாலேயே ஏற்றினேன். லொறி போன பிறகுதான் அழுகை வந்தது.

இப்போது பஸ்ஸில் போகிறேன். நேரத்துக்கு வராவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத வேண்டி வரும் என்று அதிபர் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதம் தவணை. நான் வேலையை விடப் போவதில்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று ஆக வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

றபீக்கா


தோஹா
10.07.2025

என் அன்புள்ள றபீக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இருமல் போய்விட்டது. உன் கடிதத்தைக் கராஜில் வைத்து வாசித்தேன். வாசித்துவிட்டு ஒரு மணித்தியாலம் சும்மா ஒரு டயரில் உட்கார்ந்திருந்தேன். முதலாளி சுகமில்லையா என்று கேட்டார். ஓம் என்றேன்.

அப்போதே ஹில்மிக்குப் போன் எடுத்தேன். நல்ல வேளை, விலை பேசி வைத்திருந்தானே தவிரக் கொடுக்கவில்லை. இது உன் கைக்கு வருமுன் பைக் வீட்டு வாசலில் நிற்கும். பதிவுப் புத்தகத்தை உன் பெயருக்கு மாற்றவும் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரியே இனிப் பைக்குக்காரியும்.

பன்னிரண்டாவது பெயரை எழுதினேன். மிஞ்சிய மூன்றையும் வெட்டினேன். அந்தப் பதினொரு பேரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆனால் எதற்கு என்று சொல்ல முடியாது. உன்னிடம் கேட்கிறேன், மன்னித்துக்கொள். நீ மறைத்தது எனக்கு நோகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறைக்கிற அளவுக்கு நான் உன்னைப் பயமுறுத்தி வைத்திருக்கிறேனே, அது அதைவிட நோகிறது.

அரைக் கிளச்சில் நடந்து பலகையில் ஏற்றினேன் என்று எழுதியிருந்தாய். அந்த வித்தையை இங்கே புதுப் பெடியன்களுக்குப் பழக்க எனக்கு ஒரு மாதம் போகும். உனக்கு யார் பழக்கினது? சும்மா கேட்கிறேன்.

ஒக்டோபரில் வருகிறேன். மட்டக்களப்பு ஸ்டேசனுக்குப் பைக்கைக் கொண்டு வா. நீ ஓட்டு, நான் பின்னால் இருக்கிறேன். ஊர் பார்க்கட்டும். உதயரூபனிடம் சொல்லிப் பின் ஸ்பிரிங்கை ஏழாம் படிக்கு வை. நீ ஐம்பத்தொன்று, நான் எழுபத்தெட்டு. ஏழு சரியாக இருக்கும்.

நிஸ்றாவுக்கு முத்தம். உன் உம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் கொடுத்து விடுகிறேன்.

உன் மர்சூக்


காத்தான்குடி
02.08.2025

நிஸ்றாவின் வாப்பாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

எல்லாரும் சுகம். எண்ணெய் கிடைத்தது. உம்மா முழங்காலில் பூசிக்கொண்டு உங்களுக்கு துஆச் செய்கிறா, இவ்வளவு காலமும் செய்யாததையும் சேர்த்து. பைக் வந்து முதல் நாளே, முதலாம் பாடத்துக்கு மணி அடிக்க முந்திப் போய்ச் சேர்ந்தேன். அதிபர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

பழக்கினது யாருமில்லை. நீங்கள் லீவில் வந்து அந்தப் பைக்கைச் சின்ன லொறியிலிருந்து இறக்கியபோது நான் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை மறுபக்கமாகச் செய்தேன்.

இவ்வளவு நாளும் உங்களைச் சந்தேகப்பட்டு நான் நித்திரையைக் கெடுத்துக்கொண்டதில்லை. ஆனால் நீங்கள் ஹஜ்ஜுப் பெருநாளன்று அனுப்பிய படத்தை நேற்று நானும் பெருசாக்கிப் பார்த்தேன். பெல்ற்றில் பழைய ஓட்டையின் தழும்பு தெரிகிறது, கொளுவியிருப்பது அதற்கு இரண்டு ஓட்டை தள்ளி. சேட்டின் மேல் பொத்தான் பூட்டவில்லை, கழுத்துக்குக் காணாது. கன்னம் இரண்டும் மினுங்குகிறது. நீங்கள் எழுபத்தெட்டு இல்லை. எண்பத்தாறு, குறைந்தால் எண்பத்தைந்து. லீவில் வந்தபோது அலுமினியச் சட்டியில் பருப்பும் பாணும் தின்று மெலிந்து போனேன் என்று சொன்ன ஆள்.

பின் ஸ்பிரிங்கை ஏழாம் படிக்கு வைத்தாயிற்று. உதயரூபனிடம் எட்டு வைக்க முடியுமா என்று கேட்டேன். "இந்தப் பைக்கில எட்டாம் படி இல்ல டீச்சர்" என்றார். எல்லாத்துக்கும் காணும் என்ற பைக்குக்கும் ஓர் எல்லை இருக்கிறது போல.

ஒக்டோபரில் ஸ்டேசனுக்கு வருவேன். அதற்கு முந்தி, வருகிற ஆள் கையில் உடனே பதில் எழுதுங்கள்.

அங்கே உங்களுக்குச் சோறு ஆக்கித் தருவது யார்?

றபீக்கா